"எதுவரைக்கும்?" என்று கர்த்தரிடம் கேட்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு இரண்டு வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள். உபவாசம் இருந்து ஜெபித்தோம். ஊழியக்காரர்கள் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். ஒன்றும் மாறவில்லை. "வீட்டில் யாருக்கோ விசுவாசம் போதவில்லை, இல்லையென்றால் அறிக்கை செய்யாத பாவம் ஏதோ இருக்கிறது" என்று சபையில் ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு ஜெபமே வரவில்லை. துன்பத்தில் கிறிஸ்தவ விசுவாசம் நம்பிக்கை தரும் என்கிறார்களே, அது நிஜமா? இல்லை, மனதைத் தேற்றிக்கொள்ளச் சொல்வதா?

பதில்:

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அந்த அம்மா சொன்னதை நினைத்துக் கோபம் வந்தது. இரண்டாவது தடவை என் அக்காவின் ஞாபகம் வந்தது. அவளுக்கும் ஆறு வருடம் டயாலிசிஸ் ஓடியது. செவ்வாய், வியாழன், சனி. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். பெரும்பாலான நாட்களில் கூடப் போனது நான்தான். எங்கள் சபையில் இருபது வருடத்துக்கு மேலாக வேதபாட வகுப்பு எடுக்கிறேன். ஆனால் யோபுவையும் சங்கீதத்தையும் நான் உண்மையாகவே படித்தது அந்த டயாலிசிஸ் அறைக்கு வெளியே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நிஜம்தான். ஆனால் அந்த அம்மா மனதில் வைத்திருக்கும் நம்பிக்கை வேறு, வேதம் தருகிற நம்பிக்கை வேறு. முன்னது, போதுமான அளவு விசுவாசத்தைச் செலுத்தினால் சுகம் கிடைக்கும் என்கிற ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பொய்க்கும்போது நோயாளியைக் குற்றவாளி ஆக்குவதைத் தவிர அதற்கு வேறு வழி கிடையாது. உங்களுக்கு நடந்தது அதுதான். முதலில் அந்த முள்ளை எடுத்துவிட்டு அப்புறம் மற்றதைப் பேசுவோம்.

யோவான் 9-ம் அதிகாரத்தில் பிறவிக் குருடன் ஒருவனைப் பார்த்ததும் சீஷர்கள் கேட்கிற கேள்வி நம் ஊர்த் திண்ணையில் கேட்ட மாதிரியே இருக்கும். யார் செய்த பாவம் இது, இவன் செய்ததா, பெற்றவர்கள் செய்ததா? நாம் "யார் செய்த பாவமோ" என்று சொல்லிப் பெருமூச்சு விடுவோமே, அதேதான். இயேசு சொன்ன பதில்: "இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல." லூக்கா 13-ல் சீலோவாமில் கோபுரம் இடிந்து 18 பேர் செத்த செய்தி வருகிறது. அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அல்ல என்று அவரே சொல்கிறார். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்திரிகர்களைக் கடல் கொண்டுபோனபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. அன்றைக்கும் இந்த வசனங்கள் வேதத்தில் இருந்தன. யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இன்னும் கொஞ்சம் பாருங்கள். அப்போஸ்தலரான பவுலின் உடம்பில் பட்ட உறுமால்களைக் கொண்டுபோய்ப் போட்டே வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அதே பவுல் கடைசியாக எழுதிய கடிதத்தில், "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறார். விளக்கம் எதுவும் இல்லை. துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தையும் இல்லை. தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. அதற்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்பது. பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள் இருந்தது. அதை எடுத்துவிடும்படி மூன்று தரம் கேட்டார், எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் கிடைத்தது. விசுவாசக் குறைவுதான் காரணம் என்றால் பவுலை எந்த வரிசையில் உட்கார வைப்பது?

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து நோயில் விழுந்த யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் செய்த தப்பும் இதுதான். அவர்கள் நல்லவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தூரத்திலிருந்து வந்தார்கள், அவனை அடையாளம் தெரியாமல் சத்தமிட்டு அழுதார்கள், ஏழு நாள் ஏழு ராத்திரி ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை குறையே சொல்ல முடியாது. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நீ ஏதோ செய்திருப்பாய், அறிக்கை செய், சரியாகிவிடும் என்று அதிகாரம் அதிகாரமாக வாதாடினார்கள். "நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்" என்று யோபு சலித்துப்போய்ச் சொன்னான். கடைசியில் தேவன் யாரைக் கடிந்துகொண்டார் தெரியுமா? தான் பிறந்த நாளைச் சபித்த யோபுவை அல்ல. தேவனுக்காக வக்காலத்து வாங்கிய அந்த மூன்று பேரைத்தான். என் தாசனாகிய யோபு பேசினதுபோல நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை என்றார். இந்த ஒரு வசனத்தை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படித்த அன்றைக்கு நான் வேதத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

யோபுவின் கதை நம் மண்ணில் ஒரு மனிதரை எப்படித் தொட்டது என்பதையும் சொல்ல வேண்டும். 1712-ல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் பணியில் இருந்தவர். அடுத்தடுத்துக் குடும்பத்தில் நஷ்டம். மாடுகள் செத்தன, விளைச்சல் போயிற்று. மனம் ஒடிந்து போயிருந்தவருக்கு யோபுவின் கதையைச் சொன்னவர் டி லனாய் என்று மரபு சொல்கிறது. அந்த டி லனாய் யார்? 1741-ல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்தவர். தன்னைப் பிடித்த ராஜாவிடமே பிறகு படைத்தலைவராக இருந்து, சொந்த ஊருக்குத் திரும்பாமலே 1777-ல் இறந்து உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார். அதாவது, இழந்தவன் ஒருவன் இழந்தவன் ஒருவனிடம் யோபுவைப் பற்றிப் பேசியிருக்கிறான். பெரிய பிரசங்க மேடையில் நடந்தது இல்லை.

1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். லாசரு என்ற பெயருக்குத் தமிழில் வைத்த பெயர் அது. அதன்பிறகு மாடும் நிலமும் இரட்டிப்பாகத் திரும்பி வந்தனவா? இல்லை. 1749-ல் கைது. மூன்று வருடம் சங்கிலி, அடி, எருமையின்மேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர் ஊராக இழுத்துச் சென்ற அவமானம். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் காற்றாடிமலைக்கு ஒருமுறை போய் நின்றிருக்கிறேன். விசுவாசம் வந்தால் துன்பம் போய்விடும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அவர் எப்போதோ திரும்பிப் போயிருப்பார் என்றுதான் அங்கே நின்றபோது தோன்றியது. துன்பத்துக்கு உள்ளே தன்னை விட்டுப் போகாத ஒருவரை அவர் கண்டிருக்க வேண்டும்.

சரி, ஜெபம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது அதுதான்.

நம் சபைகளில் துதி சொல்லிக் கொடுக்கிறார்கள், விண்ணப்பம் சொல்லிக் கொடுக்கிறார்கள். புலம்ப யாரும் சொல்லித் தருவதில்லை. சாட்சி நேரத்தில் சுகமானவர்கள்தான் எழுந்து நிற்கிறார்கள். சுகமாகாதவர்கள் எழுந்து நின்று, "இன்னும் வலிக்கிறது, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்று சொன்னால் அதுவும் சாட்சிதானே? வேதத்துக்கு அந்தக் கூச்சமே கிடையாது. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13-ம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று ஆரம்பித்து, இரண்டே வசனங்களுக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" வருகிறது. 88-ம் சங்கீதம் இதைவிடக் கடுமை. மற்றப் புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியிலாவது துதிக்குத் திரும்பிவிடும்; இது திரும்பாது. எபிரெயுவில் அதன் கடைசிச் சொல்லே இருள்தான். அப்படியே முடிந்துவிடுகிறது. அதையும் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்து, ஆலயத்தில் பாடும்படி வைத்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

புலம்பல் என்று பெயர் வைத்த புத்தகமே ஒன்று வேதத்தில் இருக்கிறது. இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கத் தெரிந்த நமக்கு அந்தப் புத்தகம் அந்நியமாக இருக்கக் கூடாது. எங்கள் பாட்டி காலத்தில் செத்தவரின் தலைமாட்டில் உட்கார்ந்து, "என்னை விட்டுப் போனாயே" என்று அவரையே நேராகக் கேட்டுத்தான் அழுவார்கள். சங்கீதக்காரனும் அதையேதான் செய்கிறான். தேவனைப் பற்றி அடுத்தவனிடம் குறை சொல்லாமல், தேவனிடமே போய்க் கேட்கிறான். கேட்பவர் ஒருவர் அங்கே இருக்கிறார் என்று நம்பாதவன் அப்படிக் கத்த மாட்டான். அதனால் "எதுவரைக்கும்?" என்று நீங்கள் கேட்டால் அது அவிசுவாசம் இல்லை. எனக்குத் தெரிந்தவரை விசுவாசத்தின் மிகவும் நேர்மையான குரல் அது.

அதுவும் வரவில்லை என்றால்? வராமல் போகட்டும். ரோமர் 8-ல், நாம் ஏற்றபடி வேண்டிக்கொள்ள அறியாமல் இருக்கும்போது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. மெஷின் அலாரம் அடிக்கும்போது உங்களை அறியாமல் ஒரு பெருமூச்சு வரும் இல்லையா, அதை ஜெபம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தேவன் அப்படித்தான் வைத்துக்கொள்கிறார்.

இங்கே, புது வருடத்துக்கென்று வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எல்லோரும் ஒன்று எடுப்போம். எரேமியா 29:11 வராத வருடமே இருக்காது. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..." அருமையான வசனம். ஆனால் அதற்கு முந்தின வசனம் எந்த அட்டையிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பின்பு, என்கிறது அது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது. படித்தவர்களில் பாதிப் பேருக்குமேல் அந்த முடிவைக் கண்ணால் பார்க்காமலே இறந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்தக் கடிதம் என்ன சொல்கிறது? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்துக்காக ஜெபியுங்கள். சீக்கிரம் வீடு திரும்பிவிடுவீர்கள் என்று ஆசை காட்டிய தீர்க்கதரிசிகள் அப்போதும் இருந்தார்கள். அவர்களை நம்பாதீர்கள் என்றும் அதே கடிதம் சொல்கிறது.

எனக்கு இது டயாலிசிஸ் வீட்டுக்கென்றே எழுதிய மாதிரி இருந்தது. அக்கா மூன்றாவது வருடத்தில் மாடியில் கத்தரியும் வெண்டையும் போட்டாள். "குணமானதும் செய்யலாம்" என்று தள்ளி வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் செய்ய ஆரம்பித்தாள். தன் மகள் கல்யாணத்தை ஒரு வெள்ளிக்கிழமையில் வைத்தாள், டயாலிசிஸ் இல்லாத நாள் என்பதால். நோயோடு வாழ்வது தோற்றுப்போவது ஆகாது என்பதை எரேமியாதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்.

அப்புறம் ஒன்று, கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு, டயாலிசிஸை நிறுத்திப் பாருங்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தானாகப் பெருமூச்சு விட்டு இதை எழுதுகிறேன், ஏனென்றால் அப்படிக் கேட்டுப் போன உயிர் ஒன்றை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எசேக்கியா ராஜா சாகும் தறுவாயில் கிடந்தபோது இன்னும் 15 வருஷம் உண்டு என்று வாக்குக் கொண்டுவந்தவர் ஏசாயா. அதே ஏசாயாதான் அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடுங்கள் என்றும் சொன்னார். வாக்குத்தத்தமும் பற்றும் ஒரே வாயிலிருந்து வந்தன.

சரி, இப்போது நடுவில் இருக்கிற விஷயத்துக்கு வருவோம். ஏன் இந்தத் துன்பம் என்பதற்கு வேதம் நேரடியான பதில் தருவதில்லை. யோபுவுக்கும் தரவில்லை. பெருங்காற்றிலிருந்து தேவன் பேசியபோது காரணம் எதுவும் சொல்லாமல், வரையாடுகள் எப்போது ஈனும் என்று உனக்குத் தெரியுமா, மனுஷர் இல்லாத பூமியில் மழை பெய்ய வைப்பது யார் என்று கேட்டுக்கொண்டே போகிறார். முன்பெல்லாம் எனக்கு அது நழுவல் மாதிரிப் படும். இப்போது வேறு மாதிரிப் படுகிறது. யோபு கேட்டது விளக்கம். கிடைத்தது ஆள். "என் காதினால் உம்மைக்குறித்துக் கேள்விப்பட்டேன், இப்பொழுதோ என் கண் உம்மைக் காண்கிறது" என்று அவன் சொன்னது அதனால்தான். கடைசி அதிகாரத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். ஆடு மாடு ஒட்டகம் எல்லாம் இரட்டிப்பாக வந்தன. பிள்ளைகள் மட்டும் முன்பு போலவே ஏழு மகன்கள், மூன்று மகள்கள். இறந்துபோன பத்துப் பேர் திரும்பி வரவில்லை. முடிவு நல்லதாக அமைந்தாலும் அந்தப் பத்துப் பேருக்கான துக்கம் அவனோடு கல்லறை வரை போயிருக்கும்.

அந்த ஆள் யார் என்பதைத்தான் சிலுவை காட்டுகிறது. லாசருவின் கல்லறைக்குப் போகும்போது இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். ஆனாலும் மரியாள் அழுவதைப் பார்த்ததும் "இயேசு கண்ணீர் விட்டார்." நல்ல முடிவு வரப்போகிறது, அதனால் அழாதே என்று அவர் சொல்லவில்லை. கெத்செமனேயில் இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று ஜெபித்தார். அந்த ஜெபம் அவர் கேட்டபடி நடக்கவில்லை. சிலுவையில் 22-ம் சங்கீதத்தின் முதல் வரியையே தம்முடையதாக்கி, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?" என்று கதறினார். "ஏன்?" என்ற உங்கள் கேள்வி அவர் வாயிலும் இருந்திருக்கிறது. கேட்டும் கிடைக்காத ஜெபத்தின் கசப்பைத் தாமே ருசி பார்த்த ஒருவரிடம்தான் நீங்கள் பேசுகிறீர்கள். மற்ற எல்லா ஆறுதலையும்விட எனக்கு இதுதான் பிடிமானம்.

உயிர்த்தெழுந்த பிறகும் அவர் உடம்பில் காயம் இருந்தது. தோமாவிடம் உன் விரலை நீட்டு, கையை என் விலாவிலே போடு என்கிறார். மரணத்தையே ஜெயித்த உடம்பில் ஆணித் தழும்பு மட்டும் ஏன் மறையவில்லை என்று பல நாள் யோசித்திருக்கிறேன். பட்டதெல்லாம் படாததுபோல் ஆகிவிடும் என்று தேவன் சொல்லவில்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன். பட்டதோடு சேர்த்தே எழுப்புகிறார்.

தழும்பு என்றதும் வேலூர் மேரி வர்கீஸ் ஞாபகம் வருகிறார். 1925-ல் பிறந்தவர், கொச்சிக்காரர், சி.எம்.சி.யில் படித்து அங்கேயே டாக்டரானவர். 1954-ல் ஒரு கார் விபத்து. முகத்தில் பெரிய காயம், அதைவிடப் பெரிதாக முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவில்லை. அறுவைச் சிகிச்சை டாக்டராக வேண்டும் என்றிருந்த ஒரு இளம் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய அடி என்ன இருக்க முடியும்? அப்போது வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தவர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்தவர் அவர். கையைச் சரிசெய்யும் அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவர் மேரிக்கு வழி காட்டினார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மேரி வர்கீஸ் அறுவைச் சிகிச்சை செய்தார். ஊர் ஒதுக்கிய நோயாளிகளின் கைகளைப் பிடித்து, விரல் விரலாக அவற்றுக்கு அசைவைத் திருப்பிக் கொடுத்தார், தன் காலில் அசைவே இல்லாத ஒருவர். பிறகு வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் வந்தது. 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் இறந்தார். இன்றைக்கும் அந்த மையம் அவர் பெயரில் இருக்கிறது.

இதற்காகத்தான் தேவன் அந்த விபத்தை அனுப்பினார் என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் சொல்லக் கூடாது. அது யோபுவின் நண்பர்கள் பேசிய பேச்சு. அவருடைய வலி கடைசி வரை வலியாகத்தான் இருந்தது. முதுகு உடைந்து படுக்கையில் கிடக்கும் ஒருவனிடம் நடக்கும் டாக்டர் ஒருவர் வந்து பேசுவதற்கும், சக்கர நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு முகத்தில் தழும்போடு ஒருவர் வந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள்.

தமிழில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. நாம் நம்பிக்கை என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம். ஒருவரை நம்புவதும் நம்பிக்கை, நடக்கும் என்று எண்ணுவதும் நம்பிக்கை. கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பில் இரண்டாவதற்கு எதிர்நோக்கு என்று போடுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோமே, அந்த நிற்பு அதில் இருக்கிறது. ரோமர் 5-ல் பவுல் போடும் வரிசையைப் பாருங்கள்: உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது. பரீட்சை என்றதும் ஸ்கூல் பரீட்சை என்று நினைத்து, தேவன் நமக்கு டெஸ்ட் வைக்கிறார் என்று பிரசங்கம் பண்ணுகிறார்கள். மூலத்தில் உள்ள சொல் புடமிட்டுத் தேறிய பொன்னின் தன்மையைக் குறிக்கும். இரண்டு வருடம் வாரம் மூன்று நாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்திருக்கிறீர்களே, அதில் உங்களுக்குள் ஏதோ ஒன்று தேறியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். பக்கத்து பெட்டில் இருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்த எதிர்நோக்கு எதன்மேல்? கிறிஸ்து மரித்தோரிலிருந்து எழுந்தார், அதனால் உங்கள் அம்மாவும் எழுந்திருப்பார், தேவன்தாமே அவர் கண்ணீரைத் துடைக்கிற நாள் ஒன்று உண்டு, அன்றைக்கு மரணமும் இல்லை, துக்கமும் இல்லை, அலறுதலும் இல்லை, வருத்தமும் இல்லை. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. நடக்கும் என்று நம்பித்தான் சொல்கிறேன். இதற்குள் சுகத்துக்காகவும் ஜெபியுங்கள். நானும் ஜெபிப்பேன். தேவன் தரலாம். பெற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். தராவிட்டால் உங்கள் வீட்டில் குறை என்று மட்டும் நினைக்காதீர்கள்.

செய்யக்கூடியதாகச் சிலது. அந்த அம்மாவிடம் வாதாடப் போக வேண்டாம். மறுபடி சொன்னால், "அக்கா, அதை நாங்கள் கர்த்தரிடம் பேசிக்கொள்கிறோம், நீங்கள் சனிக்கிழமை அம்மா கூட ஆஸ்பத்திரியில் உட்கார முடியுமா?" என்று கேளுங்கள். நிஜமாகவே கேளுங்கள். யோபுவின் நண்பர்களுக்கு ஏழு நாள் சும்மா உட்காரத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கலாம். போதகரிடமும், ஜெபியுங்கள் என்பதோடு நிறுத்தாமல், மாதத்தில் இரண்டு நாள் ஆட்டோவுக்கு யாராவது பொறுப்பெடுக்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விட்டுவிடாதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழே போதும் கர்த்தாவே என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று படுத்தபோது தூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டான், தணலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான், மறுபடியும் தூங்க விட்டான். அந்த நான்கு மணி நேரத்தில் முடிந்தால் அம்மாவுக்கு ஒரு சங்கீதம் வாசியுங்கள். 13-ஐயும் 88-ஐயும்கூட வாசியுங்கள். எங்கள் அக்கா 88-ஐக் கேட்டுவிட்டு, "பரவாயில்லை, எனக்கு முன்னாடியே ஒருத்தர் இங்கே வந்து போயிருக்கார்" என்றாள்.

அக்கா சுகமாகவில்லை. ஆறாவது வருடம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள். கடைசி வரை ஒரு பழக்கம் அவளுக்கு இருந்தது. ஊசி போடுவதற்காகக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது இரத்தக் குழாய் இணைப்பு, வைத்திருப்பார்கள் இல்லையா, உங்கள் அம்மாவுக்கும் இருக்கும். அதன்மேல் விரல் வைத்தால் தோலுக்கு அடியில் வண்டு ரீங்காரம் மாதிரி ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அதனால் தினமும் எழுந்ததும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். அக்கா விடியற்காலையில் கட்டிலில் உட்கார்ந்து, இடது கையை மடியில் வைத்து, வலது கை இரண்டு விரலை அதன்மேல் வைப்பாள். எருசலேம் இடிந்து கிடந்தபோது, சாம்பலுக்கு நடுவில் உட்கார்ந்து ஒருவன் எழுதிய புலம்பலின் மூன்றாம் அதிகாரத்தில் கர்த்தருடைய இரக்கங்களைப் பற்றி இருக்கிற வரியை முணுமுணுப்பாள்: "அவைகள் காலைதோறும் புதியவைகள்." ஓடுகிறது என்று தெரிந்ததும் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைப்பாள்.